வெள்ளெழுத்தில் வெள்ளை எங்கே இருக்கிறது?

கேள்வி: எனக்கு 44 வயது. கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஒரு வருடமாக ஊசியில் நூல் கோக்கச் சிரமமாக இருக்கிறது. அளவு எழுதி வைத்த நோட்டைக் கையை நீட்டிப் பிடித்தால்தான் தெரிகிறது. இரவில் இன்னும் மோசம். அம்மா இதை "வெள்ளெழுத்து" என்கிறார். மாமனார் "சாளேசரம்" என்கிறார். கண்ணாடிக் கடையில் "ரீடிங் பவர்" என்றார்கள். பக்கத்து வீட்டு அக்காவோ, "கண்ணுல வெள்ளை படருது, அதான் வெள்ளெழுத்து, ஆபரேஷன் பண்ணணும்" என்று பயமுறுத்துகிறார். இதெல்லாம் ஒரே நோயா? இந்தப் பெயர் எப்படி வந்தது? கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகுமாமே? என் மாமியார் 72 வயதில் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார், எனக்கு மட்டும் ஏன் இப்படி? அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் பயத்தை விடுங்கள். உங்கள் அம்மா, மாமனார், கண்ணாடிக் கடைக்காரர் மூவரும் சொல்வது ஒன்றையேதான். பக்கத்து வீட்டு அக்கா சொல்வது வேறு. அவர் நினைத்துக்கொண்டிருப்பது கண்புரையை. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் எல்லாமே வெள்ளெழுத்தின் பக்கம்தான் நிற்கின்றன. கையை நீட்டினால் தெளிவது, வெளிச்சம் குறைந்தால் மோசமாவது, 44 வயது: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அதுதான் என்று எந்தக் கண் மருத்துவரும் பார்க்கும் முன்பே ஊகித்துவிடுவார். ஊகம் மட்டும் போதாது, பரிசோதனையும் வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த அக்காவின் குழப்பம் நான் தினமும் கேட்பதுதான். "வெள்ளெழுத்து" என்றதும் கண்ணுக்குள் ஏதோ வெள்ளையாக வளர்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சொல்லை நிதானமாகப் பாருங்கள். வெள்ளையாவது கண் இல்லை, எழுத்து. வெள் என்பது வெளுத்த, வெளிறிய என்று பொருள் தரும் அடை. கறுப்பாக இருக்க வேண்டிய எழுத்து வெளிறித் தெரிகிறது, அவ்வளவுதான். மலையாளத்திலும் இதற்கு வெள்ளெழுத்து என்றே பெயர்.

எழுத்து ஏன் வெளிற வேண்டும்? குவியம் (ஃபோகஸ்) சரியாக விழாதபோது காகிதத்தின் வெள்ளை, எழுத்தின் மெல்லிய கோடுகளுக்குள் வழிந்து கலந்துவிடுகிறது. கோட்டின் கறுப்பும் வெளியே பரவி நீர்த்துப்போகிறது. பெரிய தலைப்பு எழுத்துக்குக் கோடு தடிமன் என்பதால் அது தாங்கிக்கொள்ளும். பொடி எழுத்து தாங்காது, சாம்பல் நிறமாகி, பின்பு காகிதத்தோடு காகிதமாகப் போய்விடும். ஆகவே இந்தப் பெயரை வைத்தவர்கள் நோயாளி காண்பதை அப்படியே எழுதிவைத்திருக்கிறார்கள். ஓலைச்சுவடிக் காலத்தில் எழுத்தாணியால் கீறிய எழுத்து ஓலையின் நிறத்திலேயேதான் இருக்கும். மேலே மை தடவித் துடைத்த பிறகுதான் கீறலுக்குள் கறுப்பு நின்று வாசிக்கத் தோதாகும். அப்படி வெளிறிய எழுத்தோடு பழகியவர்களுக்கு "வெள்" என்ற அடை இயல்பாகவே வாயில் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சொல்லையே நான் ஒரு சோதனையாகப் பயன்படுத்துவேன். நீங்களும் வீட்டிலேயே பார்க்கலாம். வெளுப்பது கிட்டத்து எழுத்தும் ஊசிமுனையும் மட்டுமா, இல்லை தூரத்துப் பேருந்தின் பலகை, எதிரே நிற்பவர் முகம், தெருவிளக்கு எல்லாமே புகை படிந்தது போல் இருக்கிறதா? கிட்டத்தில் மட்டும் என்றால் வெள்ளெழுத்து. எங்கே பார்த்தாலும் புகை, வெயிலில் கண் கூசுகிறது, எதிரே வரும் வண்டி விளக்கு சிதறித் தெரிகிறது என்றால் கண்புரையை நினைக்க வேண்டும். கண்புரையில் கண்ணின் லென்ஸே கலங்கிப்போகிறது, முற்றினால் கண் பாப்பாவின் நடுவில் வெள்ளையாகவும் தெரியும். கிராமத்தில் "கண்ணுல பூ விழுந்திருக்கு" என்பது பெரும்பாலும் கருவிழியில் புண் ஆறி நின்ற வெண்தழும்பு. சிலர் கண்புரையையும் அப்படியே சொல்வார்கள். இவை இரண்டும் கண்ணில் இருக்கும் வெள்ளை. உங்களுடையது எழுத்தில் இருக்கும் வெள்ளை.

மாமனார் சொன்ன சாளேசரத்துக்கு வருவோம். சாளேசுரம், சாளேஸ்வரம் என்றும் சொல்வார்கள். கேட்டால் ஏதோ சிவன் கோயில் பெயர் போல இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது நாற்பது என்ற எண். இந்தியிலும் உருதுவிலும் நாற்பதுக்கு "சாலீஸ்", மராத்தியில் "சாளீஸ்". மராத்தியில் வெள்ளெழுத்துக்கும் அதற்குப் போடும் கண்ணாடிக்கும் "சாளிஷி" என்றே பெயர், கன்னடத்தில் "சாளீசு". நம் சொல்லில் ளகரம் இருப்பதைப் பார்த்தால் அது இந்தியிலிருந்து நேராக வராமல் மராத்தி அல்லது கன்னட வாய் வழியாக வந்தது என்றே நான் நினைக்கிறேன். தெலுங்கர் "சத்வாரம்" என்பார்கள், அதுவும் வடமொழி நாற்பதுதான். ஆங்கில மருத்துவத்தில் பிரஸ்பயோபியா. கிரேக்கத்தில் "பிரெஸ்பிஸ்" என்றால் முதியவர், "ஓப்ஸ்" என்றால் கண். சுற்றியிருக்கும் மொழிகள் வயதைச் சொல்லிப் பெயர் வைத்திருக்க, தமிழும் மலையாளமும் மட்டும் பார்ப்பவருக்கு என்ன தெரிகிறது என்று சொல்லியிருக்கின்றன. இரண்டும் பயனுள்ள தகவல்தான். ஒன்று "இது எல்லாருக்கும் வரும்" என்கிறது, இன்னொன்று "இப்படித்தான் வரும்" என்கிறது.

எல்லாருக்கும் என்று நான் சொல்வது மிகையில்லை. நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பிறந்த நாள் முதல் சாகும்வரை வளர்கிறது. பழைய அடுக்கை உதிர்க்காமல் அதன் மேலேயே புது அடுக்கை, வெங்காயம் போல, போட்டுக்கொண்டே போகும். உள்ளே அமுங்கிய அடுக்குகள் இறுகும். கிட்டத்துப் பொருளைப் பார்க்க இந்த லென்ஸ் சற்று உப்பிக்கொள்ள வேண்டும். லென்ஸின் வடிவம்தான் மாறுகிறது என்பதை இங்கிலாந்தின் தாமஸ் யங் 1801இல் தன் கண்ணையே தண்ணீரில் வைத்துச் சோதித்துக் காட்டினார். இறுகிய லென்ஸ் உப்ப மறுக்கிறது. அதுதான் வெள்ளெழுத்து. நோய் என்ற சொல்லே இதற்குப் பொருந்தாது.

உட்ரெக்ட் நகரத்தில் இருந்த டாண்டர்ஸ் என்ற டச்சு மருத்துவர் 1864இல் இதைக் கணக்காகவே எழுதிவிட்டார். அவர் அளவின்படி பத்து வயதுப் பிள்ளை 7 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்த எழுத்தைக்கூடக் குவித்துப் பார்க்கும். 20 வயதில் அந்தத் தூரம் 10 சென்டிமீட்டர், 40இல் 22, 50இல் 40, 60இல் ஏறக்குறைய ஒரு மீட்டர். கவனியுங்கள், தேய்மானம் நாற்பதில் ஆரம்பிப்பதே இல்லை. சின்ன வயதிலிருந்தே நடக்கிறது. நாம் வேலை செய்யும் தூரத்தைத் தொடும்போதுதான் தெரியவருகிறது. கூடவே, இருக்கும் சக்தியை எல்லாம் செலவழித்துக்கொண்டு ஒருவரால் மணிக்கணக்கில் தைக்க முடியாது, பாதியாவது கையிருப்பில் இருக்க வேண்டும். அதனால்தான் 22 சென்டிமீட்டர் வரை பார்க்க முடிகிற 40 வயதுக்காரருக்கும் மாலையானால் தலை வலிக்கிறது.

தூரப்பார்வையும் வெள்ளெழுத்தும் வெவ்வேறு என்று பிரித்துக் காட்டியவரும் டாண்டர்ஸ்தான். தூரப்பார்வை என்பது கிட்டத்தைப் பார்க்கக் கண் கூடுதலாகச் சிரமப்படும் அமைப்பு, குழந்தைக்கும் இருக்கலாம். அது மறைவாக இருப்பவர்களுக்கு வெள்ளெழுத்து சீக்கிரமே, 37, 38 வயதிலேயே தலைகாட்டும். கிட்டம் தெளிவாகவும் தூரம் மங்கலாகவும் தெரியும் கிட்டப்பார்வைக்காரர்கள் நேர்மாறு: 45 வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செல்போன் பார்ப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கும் லென்ஸ் இறுகித்தான் இருக்கிறது. கண்ணின் அமைப்பு அந்த நேரத்துக்குக் கைகொடுக்கிறது.

கண்ணாடி போட்டால் பவர் ஏறுமா? ஏறும், ஆனால் கண்ணாடியால் இல்லை. போட்டாலும் போடாவிட்டாலும் லென்ஸ் தன் பாட்டுக்கு இறுகும். உங்கள் வயதில் பெரும்பாலும் பிளஸ் 1.25 அளவில் ஆரம்பிக்கும், 50 வாக்கில் 2 ஆகும், 60ஐ ஒட்டி 2.5 சுமாருக்கு வந்து நின்றுவிடும். கண்ணாடி இல்லாமல் முறைத்துப் பார்த்துப் பழகினால் கண் பலப்படும் என்பதும், கண் பயிற்சியால் இது போய்விடும் என்பதும் உண்மையில்லை. இறுகிய லென்ஸைப் பயிற்சி இளக்காது. தேன், வெங்காயச் சாறு, தாய்ப்பால் எதையும் கண்ணில் விடாதீர்கள். அதனால் கருவிழியில் புண் வந்து உண்மையாகவே பூ விழுந்தவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே என் மனதில் நெடுநாளாக இருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இவ்வளவு துல்லியமான அந்தப் பெயரில் "எழுத்து" இருக்கிறது. அதனால் எழுத்தோடு சம்பந்தம் இல்லாதவர்களுக்கு இது வராது, அல்லது வந்தாலும் பரவாயில்லை என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றிவிட்டது. கண் முகாமுக்கு வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வரும் பெண்களிடம், "நீங்களும் உட்காருங்கம்மா, பார்த்துவிடலாம்" என்றால், "நான் என்ன படிக்கவா போறேன்?" என்று எழுந்துவிடுகிறார்கள். அதே பெண்தான் அரிசியில் கல் பொறுக்குகிறார், கீரையில் பூச்சி பார்க்கிறார், பேரப்பிள்ளையின் தலையில் பேன் எடுக்கிறார், பூக் கட்டுகிறார், மருந்துச் சீட்டில் எந்த மாத்திரை காலையில் என்று தேடுகிறார். இவை அத்தனையும் கிட்டத்து வேலை. கல்லூரி முதல்வருக்கு எந்த அளவு கண்ணாடி வேண்டுமோ, தீப்பெட்டி ஒட்டுபவருக்கும் அதே அளவு வேண்டும். படிப்பவர் இடையில் கண்ணை மூடி ஓய்வெடுக்கலாம். எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்பவரால் அது முடியாது.

இதற்கு நல்ல ஆதாரம் ஒன்று இருக்கிறது. அசாம் தேயிலைத் தோட்டத்தில், 40 வயதைத் தாண்டிய, வெள்ளெழுத்து உள்ள 751 கொழுந்து பறிக்கும் தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. ஒரு பாதிக்கு உடனே கிட்டத்துக் கண்ணாடி கொடுத்தார்கள், மறு பாதிக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்தின் எடை மற்றவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. கொழுந்து பறிப்பதில் எழுத்து எங்கே இருக்கிறது? சரியான வேலை, சரியான தூரம், சாதாரண பிளஸ் கண்ணாடி, அவ்வளவுதான் வித்தியாசம். உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கைப்படி, வெள்ளெழுத்து இருந்தும் கண்ணாடி இல்லாமலோ போதாத கண்ணாடியோடோ இருப்பவர்கள் 82 கோடியே 60 லட்சம் பேர். கண்ணை அறுத்துச் செய்யும் வைத்தியம் எதுவும் இதற்குத் தேவையில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமும் கோபமும் வருகின்றன. நீங்கள் ஒரு வருடம் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வருடத்தில் எத்தனை ரவிக்கைக்கு ஹூக் கட்டும் வேலையை நாளைக்கு என்று ஒதுக்கினீர்கள், எத்தனை முறை தையலைப் பிரித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கண்ணாடி வாங்கும்போது தையல்காரர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிட்டத்துப் பவரை வழக்கமாகப் புத்தகம் படிக்கும் தூரத்துக்கு, அதாவது 35, 40 சென்டிமீட்டருக்குப் பார்த்து எழுதுவார்கள். மெஷினில் நிமிர்ந்து உட்கார்ந்தால் கண்ணுக்கும் ஊசிக்கும் இடையே அதைவிட அதிகத் தூரம் இருக்கும். படிக்கும் பவரோடு தைத்தால் குனிந்து குனிந்து கழுத்து வலிதான் மிஞ்சும். உங்களிடம்தான் இன்ச் டேப் இருக்கிறதே! வழக்கமாக உட்காருவதுபோல் உட்கார்ந்து, கண்ணிலிருந்து ஊசி வரை ஒரு முறை, கையில் காஜா எடுக்கும்போது இருக்கும் தூரம் ஒரு முறை, வேறு யாரையாவது அளக்கச் சொல்லி எழுதிக்கொண்டு போங்கள். பரிசோதிப்பவரிடம் "நான் தையல் வேலை, இவ்வளவு தூரத்தில் தெரிய வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு துண்டுக் கறுப்புத் துணியும் கறுப்பு நூல் கோத்த ஊசியும் எடுத்துப்போனால் இன்னும் நல்லது. அட்டையில் இருக்கும் கறுப்பு எழுத்து சுலபமாகத் தெரியும், கறுப்புத் துணியில் கறுப்புத் தையல்தான் உண்மையான பரீட்சை.

தூரத்துக்குப் பவர் இல்லையென்றால் வேலை நேரத்துக்கு மட்டும் ஒரு சாதாரண கிட்டத்துக் கண்ணாடி போதும், விலையும் குறைவு. அதைப் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தால் தூரம் மங்கும், அது கெடுதல் இல்லை. எழுந்து எழுந்து வாடிக்கையாளரிடம் அளவெடுக்க வேண்டியிருந்தால் மேற்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி கிட்டத்துக்குமான பைஃபோகல் தோது. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1785இல் ஒரு கடிதத்தில் விவரித்த அதே இரட்டைக் கண்ணாடிதான் இது. போட்ட புதிதில் படி இறங்கும்போது தலையைத் தாழ்த்திப் பாருங்கள். கண்ணை மட்டும் தாழ்த்தினால் கீழ்ப்பாதி வழியே படி மங்கித் தெரிந்து கால் தவறும். கோடு தெரியாத புரோகிரசிவ் கண்ணாடி 1959இல் பிரான்சில் வந்தது. நல்லதுதான், விலை அதிகம், ஓரங்களில் சற்று நெளியும், பழக நாளாகும். தையலுக்கு அதை முதல் கண்ணாடியாக நான் சிபாரிசு செய்யமாட்டேன். சந்தையில் பெட்டியில் வைத்து விற்கும் ரெடிமேட் கண்ணாடி இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) தேவையில்லை என்று பரிசோதனையில் தெரிந்தவர்களுக்குத் தாராளமாகப் போதும். பரிசோதனையே இல்லாமல் அதை வாங்கிவிடுவதுதான் தவறு.

வெளிச்சத்தையும் மாற்றுங்கள். நல்ல வெளிச்சத்தில் பாப்பா சுருங்கும், சுருங்கினால் குவியம் தவறிய பொருளும் சற்றுத் தெளியும். இரவில் உங்களுக்கு மோசமாவது அதனால்தான். மேலே தொங்கும் ஒற்றைக் குழல்விளக்கை நம்பாமல் ஊசி மேல் விழுகிற மாதிரி ஒரு சிறு எல்இடி விளக்கு, வலக்கைக்காரர் என்றால் இடப்பக்கமாக வையுங்கள். பாப்பாவைச் சுருக்கும் இதே தத்துவத்தில்தான் பைலோகார்பின் சொட்டு மருந்து வேலை செய்கிறது. அமெரிக்காவில் 2021இல் வெள்ளெழுத்துக்கென்று அனுமதி கிடைத்தது. இந்தியாவில் 2024 ஆகஸ்டில் அனுமதி கொடுத்தார்கள். "கண்ணாடியே வேண்டாம்" என்கிற அளவுக்கு விளம்பரம் போனதால் செப்டம்பரிலேயே நிறுத்திவைத்தார்கள். வேலை சில மணி நேரம்தான், தலைவலியும் இரவில் மங்கலும் வரலாம். உங்களுக்கு அது தேவையில்லை.

இப்போது மாமியார். 72 வயதில் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார் என்றால் வீட்டில் எல்லாரும் பெருமைப்படுவீர்கள். எனக்குக் கேட்கும்போது கவலையாக இருக்கிறது. அவர் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை உள்ளவர் என்றால் சரி, அது அவருடைய அமைப்பு. ஆனால் 55, 60 வயதில் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தவர், கடந்த சில வருடங்களில் "எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியுது" என்று கழற்றி வைத்திருந்தால், அது பெரும்பாலும் கண்புரையின் ஆரம்பம். லென்ஸின் நடுப்பகுதி இறுகிப் பழுக்கும்போது அதன் பவர் கூடிவிடும், கிட்டம் தெளியும், கூடவே தூரம் மங்கும். டிவியில் ஓடும் எழுத்தைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். வாசலில் வருபவர் யாரென்று குரல் கேட்ட பிறகுதான் சொல்கிறாரா என்று கவனியுங்கள். ஆக, உங்கள் வீட்டில் கண்புரை இருந்தால் அது வெள்ளெழுத்து வந்த உங்களிடம் இல்லை, வெள்ளெழுத்து "போய்விட்ட" அவரிடம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அம்மாவுக்குச் சர்க்கரை என்று எழுதியிருப்பதால் உங்களுக்கும் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், கண்ணாடி வாங்கும் முன்பே. சர்க்கரை கூடினால் லென்ஸ் நீர் கோத்துப் பவர் மாறும், சர்க்கரை இறங்கியதும் திரும்பவும் மாறும். அந்த நேரத்தில் எழுதிய கண்ணாடி ஒரு மாதத்தில் உதவாமல் போகும். இன்று ஒரு மாதிரி, அடுத்த வாரம் வேறு மாதிரி மங்குகிறது என்றால் அதை வெள்ளெழுத்து என்று விட்டுவிடாதீர்கள். வெள்ளெழுத்து அப்படி முன்னும் பின்னும் ஆடாது. ஒரு கண்ணில் மட்டும் திடீரென மங்குவது, திரை இழுத்ததுபோல் ஓரமாக மறைவது, மின்னல் அடிப்பது, நேர்க்கோடு வளைந்து தெரிவது, கண் வலியோடு விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிவது: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாற்பதில் கண்ணைக் காட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணம் கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா). அது பெரும்பாலும் வலிக்காது, நடுப்பார்வை கடைசிவரை நன்றாகவே இருக்கும், ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும், போன பார்வை திரும்பாது. எழுத்து வெளுக்கிறது என்று கண்ணாடிக்கு வந்த இடத்தில் அழுத்தம் பார்த்துத் தப்பியவர்கள் நிறையப் பேர். கடையில் பவர் மட்டும் பார்த்து வாங்கிவிட்டால் இது தெரியாமலே போய்விடும். எனவே முதல் கண்ணாடியாவது ஒரு கண் மருத்துவமனையிலோ அதன் கிளை மையத்திலோ அழுத்தமும் விழித்திரையும் பார்த்த பிறகு வாங்குங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் நடக்கும் இலவச முகாமும் அரசு மருத்துவமனையும் இதற்குப் போதும்.

மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் மூன்றாவதாக ஒருவரும் உடன் வரட்டும். பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் நான்கைந்து மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெரியாது, வெயிலும் கூசும். அன்றைக்குத் தருவதாக யாருக்கும் துணி ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய கண்ணாடி, சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, இன்ச் டேப்பில் அளந்து எழுதிய அந்த இரண்டு எண்கள் மூன்றையும் மறக்காமல் எடுத்துப்போங்கள்.